பிளக்-இன் நூல்: மூலமும் காண்டிகையுரையும்

சிறப்புப் பாயிரம்

ஆக்கியோன் பெயர் தெரியவில்லை. சார்ஜ் ஏறும்வரை வேறு வேலை இல்லாதவர் என்பது நடையால் புலனாகும். நுதலிய பொருள், செருகிய மின்சாரத்திலும் பெட்ரோலிலும் ஓடும் பிளக்-இன் ஹைபிரிட் காரைப் பயன்கொள ஓட்டும் முறை. அவ்வினத்துள் செவ்ரலே வோல்ட் என்னும் அமெரிக்க வண்டியே எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டது. அது 2010 இறுதியில் விற்பனைக்கு வந்தது. 2019-இல் உற்பத்தி நின்றது. இனி மாறாத பொருளுக்கு இலக்கணம் வகுப்பது எளிது என்க. நூல் வழங்கும் எல்லை, 2011 மாடலுக்கு 35 மைல், அதாவது 56 கிலோமீட்டர். 2016 மாடலுக்கு 53 மைல். ஒருமுறை சார்ஜ் செய்தால் மின்சாரத்தில் மட்டும் ஓடும் தூரம் இது. அதற்கு அப்பால் உள்ளது பெட்ரோல் நாடு. அங்கும் கார் செல்லும், நூல் செல்லாது. கேட்போர், மின்கட்டணத்தையும் பெட்ரோல் விலையையும் ஒருசேர மனப்பாடம் செய்தவர்.

நூற்பா 1

பச்சை உருண்டை நடுநிலை பிறழாது
ஓட்டுதல் ஓட்டுநர் கடனே.

என் நுதலிற்றோ எனின், வலது காலின் ஒழுக்கம் உணர்த்துதல் நுதலிற்று. வோல்ட்டின் திரையில் பச்சை உருண்டை ஒன்று மிதக்கும். ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதித்தால் மேலேறி மஞ்சளாகும். பிரேக்கை ஓங்கி மிதித்தால் கீழிறங்கி மஞ்சளாகும். பிரேக்கை மெல்ல மிதித்தால் மோட்டாரே ஜெனரேட்டராகி, வண்டியின் ஓட்டத்தை மின்சாரமாக்கிப் பேட்டரிக்குத் திருப்பும். ஓங்கி மிதித்தால் அதில் ஒரு பங்கு பிரேக் தட்டில் வெறும் சூடாகிப் போம்.

இவ்விடத்து உரையாசிரியர் இரு சாரார். 'எல்' கியரார், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மின்சாரம் மீளும் என்பர். 'டி' கியரார், வண்டியைத் தன்போக்கில் உருள விடுக, போனதெல்லாம் முழுதாக மீளாது என்பர். பிரேக் மிதியும் அதே மோட்டாரைத்தான் முதலில் ஏவும் ஆதலின் பூசல் சிறிது. தூரத்துச் சிவப்பு விளக்கைக் கண்டதுமே காலை எடுப்பவர் இரு சாராரையும் வென்றார். பின்வரும் வண்டியின் ஹாரன் இதற்கு மறுப்புரை, அது கொள்ளப்படாது.

நூற்பா 2

ஊர்க்கு மின்னும் நெடுஞ்சாலைக்கு எண்ணெயும்
பகுத்து வைத்தல் பயணத்து முறையே.

நின்று நின்று நகரும் தெருவில் எஞ்சின் வீணாகும். மோட்டாரோ நிற்கும்போது ஒன்றும் எரிக்காது. சீரான வேகத்தில் நெடுந்தூரம் ஓடுவதே எஞ்சினுக்கு உகந்த தொழில். ஆகவே நீண்ட பயணத்தில், நெடுஞ்சாலை ஏறியதும் பேட்டரியைப் பூட்டிவைத்து, இறங்கும் ஊருக்கென மிச்சம் பிடிக்க என்றவாறு. இதற்கென 'ஹோல்ட்' முறை 2013 மாடலில் சேர்ந்தது. ராக்கி மலை போன்ற நெடிய ஏற்றங்களுக்கு 'மவுண்டன்' முறை முன்பே உண்டு. அதை அடிவாரத்துக்கு நெடுந்தொலைவு முன்னரே அமர்த்துக. பாதி மலையில் நினைவுகூர்வது தேர்வு மண்டபத்தில் புத்தகம் தேடுவதை ஒக்கும்.

வேகத்துக்கும் இலக்கணம் உண்டு. மணிக்கு 60 மைலிலிருந்து 75 மைலுக்கு ஏறினால் வேகம் கால் பங்கே கூடும். காற்றின் எதிர்ப்போ ஒன்றரை மடங்கையும் தாண்டும்.

புறனடை: போய்வரும் தூரம் பேட்டரிக்குள் அடங்குமாயின் பகுத்தல் வேண்டா. சேருமிடத்தில் சார்ஜர் உண்டெனின் பேட்டரி காலியாகச் சேர்வதே சிறப்பு.

நூற்பா 3

இருக்கை சுடுக; அறை சுடேல்.

மிச்சிகன் போன்ற பனிநாட்டார்க்கு ஆனது. பெட்ரோல் கார் எஞ்சினின் வீண்சூட்டில் குளிர்காயும். மின்சாரத்தில் ஓடும் காருக்கு வீண்சூடு மிகக் குறைவு. அறை ஹீட்டர் கிலோவாட் கணக்கில் உண்ணும். இருக்கை ஹீட்டருக்குச் சில பத்து வாட் போதும். கிளம்புமுன், கேபிள் செருகியிருக்கும்போதே அறையைச் சூடேற்றினால் அச்செலவு சுவரின் தலையில் விழும், பேட்டரியின் தலையில் அன்று. உறைகுளிர் மிக்கால் ஓட்டுநரைக் கேளாமல் எஞ்சினே எழுந்து சூடு தரும். உடன்வருவோர் நடுங்கியபடி சொல்லும் கருத்துகள் இந்நூற்பாவின் எல்லைக்குப் புறம்பானவை.

நூற்பா 4

எண்ணெய் அஞ்சுவான் வாயிலில் எண்ணெய்
தானே வந்து நிற்கும்.

மின்கார் ஓட்டுவோர்க்குச் சார்ஜ் தீருமோ என்ற அச்சம். வோல்ட் ஓட்டுவோர்க்கு எஞ்சின் எழுந்துவிடுமோ என்ற அச்சம். தொலைக்காட்சி நகைச்சுவையாளர் ஜே லெனோ தம் வோல்ட்டில் சுமார் 11,000 மைல் ஓடியும் ஒரு தொட்டிப் பெட்ரோல் தீரவில்லை என 2011-இல் செய்தி வந்தது. அதன்பின் அச்சம் விரதமாயிற்று. வீட்டுக்கு இரண்டு மைல் இருக்கையில் சார்ஜ் தீர்ந்தால் விரதியர் துக்கம் காப்பர். அந்த இரண்டு மைலுக்கு எரிவது ஏறத்தாழ ஒரு டம்ளர் பெட்ரோல்.

கார் இவ்விரதத்தை ஏற்பதில்லை. ஆறு வாரம் எஞ்சின் உறங்கினால், அதன் உறுப்புகள் கெடாதிருக்கத் தானே எழுப்பும். தொட்டியிலுள்ள பெட்ரோலுக்குச் சராசரியாக ஓராண்டு மூப்பு வந்தால், அது கெடுமுன் எரித்துத் தீர்க்க முற்படும். ஆதலின் ஒரு துளியும் எரியேன் என்பது பயனில் சூளுரை. குறைவாக நிரப்பி அவ்வப்போது எரிப்பதே அறம்.

நூற்பா 5

கேபிளே முதல்; ஏனைய சார்பு.

இரவில் செருகுக என்பதே பொருள். அமெரிக்க வீட்டின் சாதாரண 120 வோல்ட் பிளக்கில் முதல் தலைமுறை வோல்ட்டுக்குப் பத்து மணி நேரம், 240 வோல்ட்டில் நான்கு மணி நேரம் போதும்.

கேபிள் இன்றியும் கார் ஓடுமே எனின், ஓடும். ஏறத்தாழ 200 கிலோ பேட்டரியைச் சுமக்கும் பெட்ரோல் காராக ஓடும். பிரிட்டனில் வரிச்சலுகைக்காக வாங்கிய பிளக்-இன் நிறுவனக் கார்கள் சிலவற்றில் கேபிள் உறை பிரியாமலே கிடந்தது 2018-இல் செய்தியாயிற்று. ஐரோப்பிய ஆணையம் 2024-இல், உண்மைச் சாலையில் இவ்வினக் கார்கள் உமிழும் கரியமில வாயு, ஆய்வக அளவைப் போல் சராசரியாக மூன்றரை மடங்கு என்றது. ஆய்வகத்தில் சார்ஜ் செய்ய ஆள் இருந்தார் என்பதே இதன் உட்கிடை.

அற்றேல், தலையாய இந்நூற்பாவைத் தொடக்கத்தில் வையாது இறுதியில் வைத்தது என்னை எனின், தொடக்கத்தில் வைத்தால் கேட்போர் கேபிளைச் செருகிவிட்டு உறங்கப் போவர். அவர்க்கு ஏனைய நான்கும் பெரிதும் வேண்டா. நூலாசிரியர்க்கும் உரையாசிரியர்க்கும் பிழைப்பின்றிப் போம் என்க.