முட்டுக்கட்டை நேரம்

சென்னைக்கும் பெங்களூருவுக்கும் இடையிலான வான்தொலைவு எவ்வளவு என்ற வினாவுக்கு நிலநூலார் தயங்காமல் விடை சொல்வர்: மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து தேவனஹள்ளி விமான நிலையம் வரை, உருண்டையான புவியின் மேல் இரு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய வழியாகிய பெருவட்ட வழியில் அளந்தால், அது ஏறத்தாழ 270 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கவல்ல ஜெட் விமானத்துக்கு இது இருபது நிமிட வேலை என்று பள்ளிப் பிள்ளையும் கணக்குப் போட்டுவிடும். ஆயினும் பயணச்சீட்டில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்றே அச்சாகியிருக்கும்.

இதற்குக் காரணம், நிறுத்தி வைத்த விமானம் நகராதபடி அதன் சக்கரங்களுக்கு அண்டை கொடுக்கும் கட்டையை எடுத்தது முதல், சேருமிடத்தில் மறுபடியும் கட்டை வைக்கும் வரையுள்ள நேரத்தையே விமானத்துறையினர் பயண நேரமாகக் கொள்வதாகும். அக்கட்டைக்கு முட்டுக்கட்டை என்று தமிழில் பெயர் அமைந்திருப்பதை வெறும் தற்செயல் என்று ஒதுக்கிவிட இயலாது. ஓடுபாதை வரை ஊர்வதும் முன்னால் நிற்கும் விமானங்களுக்காகக் காத்திருப்பதும் அதற்குள் அடக்கம். மேலும், ஏறி முடித்த சற்று நேரத்துக்கெல்லாம் இறங்கத் தொடங்க வேண்டியிருப்பதால், விமானம் தன் முழு வேகத்தைக் காட்ட வாய்ப்பே பெறுவதில்லை. பெங்களூரு கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே இருப்பதால் அவ்வளவு உயரம் இறங்காமல் மிச்சமாகிறது என்றாலும், அதற்காகக் கட்டணத்தில் எவரும் கழிவு தந்ததாகத் தெரியவில்லை.

ஏறியதும் இறங்கும் இந்த அவசரத்தை அளப்பதற்கு விமானத்தில் விற்கும் குவளை உப்புமாவைவிட நுட்பமான கருவி கிடையாது. உலர்ந்த ரவையின் மேல் வெந்நீரை ஊற்றி, மூடியை அழுத்தி, சில நிமிடம் பொறுத்திருக்க வேண்டும் என்பது விதி. ரவை உப்பி, ஓரத்தில் ஒட்டிய கறிவேப்பிலை ஒருவாறு நிமிர்ந்து, முதல் கரண்டி வாயருகே செல்லும் வேளையில், எதிரிலுள்ள தட்டை மடக்கச் சொல்லும் அறிவிப்பு வந்துவிடும். மடக்கியபின் அந்தக் குவளையை எங்கே வைப்பது என்பதை அறிவிப்பு விளக்குவதில்லை.

ஆனால் வானத்தில் கழியும் நேரம் முழுப் பயணத்தில் ஊறுகாய் அளவே. பெரம்பூர்வாசி ஒருவரை எடுத்துக்கொண்டால், பெங்களூரு செல்லும் இருப்புப்பாதை அவர் ஊர் வழியாகவே மேற்கு நோக்கிப் போகிறது. 2022இல் வந்த வந்தே பாரத் ரயில், சென்ட்ரலிலிருந்து ஏறத்தாழ நாலரை மணி நேரத்தில் பெங்களூருவைத் தொட்டுவிடுகிறது. அவரோ விரைவை விரும்பி, எட்டு மணி விமானத்துக்கு ஐந்து மணிக்கே எழுந்து, இருபது கிலோமீட்டருக்கு மேல் தெற்கே போய், இடைவாரையும் கைக்கடிகாரத்தையும் கழற்றித் தட்டில் இட்டு, ஒரு கையால் காற்சட்டையைப் பிடித்தபடி வரிசையில் நகர்கிறார்.

அவர் போக வேண்டிய இடம் எலக்ட்ரானிக் சிட்டியாக இருந்துவிட்டால் ஆய்வு இன்னும் சுவையானதாகிறது. 2008இல் திறக்கப்பட்ட தேவனஹள்ளி நிலையம் நகருக்கு வடக்கே இருக்க, எலக்ட்ரானிக் சிட்டி தெற்கே ஓசூர் சாலையில் இருப்பதால், நகரை நெடுக்காகக் கடந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் டாக்சியில் வருபவர், உண்மையில் தமிழ்நாட்டை நோக்கியே திரும்பி வந்துகொண்டிருக்கிறார். முந்திய இரவு சென்னையில் பேருந்து ஏறிய சக ஊழியரோ, ஓசூர் வழியாக வந்து விடியலில் அதே சாலையில் இறங்கி, குளித்து, இரண்டாவது காபியையும் முடித்திருப்பார். பதினொன்றரை மணிக்குப் பெட்டியை உருட்டிக்கொண்டு நுழைபவரைக் கண்டதும் அவர் மரியாதையாக எழுந்து, “ஃபிளைட்டா சார்? ஒரு மணி நேரத்துல வந்துட்டீங்களே!” என்பார்.