குட்டி இலவசம்

எங்கள் தெருமுனை டீக்கடை பெஞ்சுக்கடியில் ஒரு நாய் குட்டி போட்டிருக்கிறது. அதில் நெற்றியில் வெள்ளைப் பட்டை உள்ள குட்டி எங்கள் வீட்டுக்கு என்று முடிவாகிவிட்டது. முடிவெடுத்தவர்கள் என் மகளும் டீக்கடைக்காரரும். எனக்குத் தகவல் மட்டும் வந்தது. நெற்றிப் பட்டையை அம்மா விபூதி என்று எடுத்துக்கொண்டதால், வீட்டில் வரவேண்டிய எதிர்ப்பும் வராமல் போயிற்று. "காசெல்லாம் வேணாம் சார், நல்லா வெச்சுக்கிட்டா போதும்" என்றார் டீக்கடைக்காரர். ஆக, குட்டி இலவசம். அது வருகிறது என்ற செய்திக்குத்தான் செலவு.

செய்தி பரவியதும் முதலில் வந்தவர்கள் சாதி பார்ப்பவர்கள். நாய்ச் சாதியைச் சொல்கிறேன். எதிர் ஃப்ளாட்காரர், "தெருநாயா? ஒரு லாப்ரடார் வாங்கிடலாமே சார்" என்றார். அலுவலக நண்பர் ஹஸ்கிக்குச் சிபாரிசு செய்தார். அது சைபீரியப் பனியில் வண்டி இழுத்த பரம்பரை. சென்னை மே மாதத்தில் அதை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால், ஏசி அறையை அதற்கு எழுதிக்கொடுத்துவிட்டு நாங்கள் மொட்டை மாடியில் படுக்க வேண்டும். விருதுநகரிலிருந்து சித்தப்பா போன் போட்டார். "டேய், ராஜபாளையம் வாங்குடா. 2005-ல தபால்தலையே போட்டாங்க அதுக்கு. இல்லேன்னா சிப்பிப்பாறை. முயலை ஓடியே பிடிக்கும்" என்றார். எங்கள் ஹாலின் நீளம் பதினாறடி. சிப்பிப்பாறை வேகம் பிடிப்பதற்குள் பால்கனியைத் தாண்டியிருக்கும். எங்களிடம் முயலும் இல்லை. "இது நாட்டு நாய் சித்தப்பா" என்றேன். "அப்ப சரி, செலவே இல்லை" என்று ஆசீர்வதித்தார். செலவே இல்லை என்று சொன்ன அத்தனை பேரையும் குறித்து வைத்திருக்கிறேன்.

உடனே தூக்கிக்கொண்டு வர மகளுக்கு ஆசை. டீக்கடைக்காரர் விடவில்லை. "கண்ணு தொறந்தே பத்து நாள்தான் ஆவுது பாப்பா. எட்டு வாரமாவது தாய்கிட்ட கிடக்கட்டும்" என்றார். கூடப் பிறந்ததைக் கடித்து, பதிலுக்குக் கடிபட்டு, எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்று குட்டி கற்றுக்கொள்வது அந்த வாரங்களில்தான். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ல் மத்திய அரசு விதியே போட்டிருக்கிறது. அரசிதழ் படிக்காமலே டீக்கடைக்காரர் அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்.

கிடைத்த அவகாசத்தில் என் மனைவி பட்டியல் போட்டாள். பட்டியலோடு செல்லப்பிராணிகள் கடைக்குப் போனோம். மூட்டுவலி வராமல் காக்கும் மெத்தை ஒன்றைக் காட்டினார்கள். அப்பாவுக்கு மூட்டுவலி வந்தபோதுகூட அவருக்கு யாரும் அப்படியொன்றைக் காட்டியதில்லை. மழைக்கோட்டு, நான்கு ஷூ கொண்ட ஒரு செட், கோழிச் சுவையில் பற்பசை, பிறந்தநாள் தொப்பி எல்லாம் வரிசையாக மேசைக்கு வந்தன. "என்ன பிரீட் மேடம்?" என்று கேட்டான் கடைப்பையன். "டீக்கடை" என்றாள் என் மகள். அவன் ஒரு கணம் யோசித்து, "அதுக்கு மீடியம் சைஸ் காலர் சரியா இருக்கும்" என்றான். வியாபாரம் தெரிந்த பையன்.

வாங்குவதைவிட அப்புறப்படுத்துவதுதான் பெரிய வேலை என்பது கால்நடை மருத்துவரைப் பார்த்தபோது தெரிந்தது. குட்டி வருவதற்கு முன்பே டாக்டரைப் போய்ப் பாருங்கள் என்று யாரோ சொன்ன ஒரே உருப்படியான யோசனை அது. "மெத்தையெல்லாம் எதுக்கு? ஒரு பழைய துணியைக் கொண்டுபோய்த் தாய் படுக்கிற இடத்துல போட்டு வைங்க. குட்டியோட சேர்த்துத் தூக்கிட்டு வாங்க. ராத்திரி அந்த வாசத்துல தூங்கும்" என்றார். என் பழைய லுங்கி ஒன்று இப்போது டீக்கடை பெஞ்சுக்கடியில் வாசம் ஏறிக்கொண்டிருக்கிறது. டீ குடிக்கப் போகும்போது அது யாருடையதோ என்பதுபோல் பார்த்துக்கொள்கிறேன்.

"அப்புறம், குட்டி உயரத்துல இருந்து உங்க வீட்டைப் பாருங்க" என்றார் டாக்டர். ஐம்பது வயதில் முட்டி போட்டு ஹாலைச் சுற்றி வந்தேன். சோபாவுக்கடியில் சார்ஜர் வயர். டிவி மேசைக்குப் பின்னால் அம்மா தேடிக்கொண்டிருந்த வலி மாத்திரை. பீரோவிலிருந்து தப்பி வந்த அந்துருண்டை. பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் கற்பூர டப்பா, பக்கத்தில் எண்ணெயில் ஊறிய திரிகள். நம் வலியைப் போக்கும் மாத்திரை நாயின் ஈரலையோ சிறுநீரகத்தையோ கெடுத்துவிடும். அந்துருண்டையும் கற்பூரமும் அதற்கு நஞ்சு. பால்கனித் தொட்டியில் அம்மா பூஜைக்கு வளர்க்கும் அரளி மனிதருக்கே ஆகாது, நாய்க்கு எப்படி ஆகும்? அதை மொட்டை மாடிக்கு ஏற்றினோம். நான் ஷூ ரேக்கை முகத்தளவில் ஆராய்ந்துகொண்டிருந்தபோது கேஸ் சிலிண்டர் போடுபவர் வந்து நின்றார். "ஏதாச்சும் தொலைஞ்சிருச்சா சார்?" "இல்லப்பா, நாய் வருது." அவர் சிலிண்டரோடு இரண்டடி பின்வாங்கினார்.

சமையலறையில் அம்மாவின் ஆட்சி. "எங்க ஊர் வீட்டுல ஒரு நாய் ரசஞ்சாதம் தின்னே பன்னெண்டு வருஷம் இருந்துச்சு" என்பது அவர் வாதம். டாக்டர் கொடுத்த சீட்டில் வெங்காயம், பூண்டு, சாக்லேட், திராட்சை எதுவும் கூடாது என்றிருந்தது. உலர்திராட்சையும் சேர்த்துத்தான். வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும், மாட்டுப்பால் பல குட்டிகளுக்கு வயிற்றைக் கலக்கும் என்று கீழே எழுதியிருந்தார். அம்மா விரல்விட்டு எண்ணினார். "சாம்பார் போச்சு, ரசம் போச்சு, பாயசம் போச்சு. இது என்னடா, வாழ்நாள் முழுக்க விரதமா?" பக்கத்து ஃப்ளாட் மாமி என்னைத் தனியாக அழைத்து, "அது சைவமா?" என்று விசாரித்தார். தாய் வளர்ந்தது டீக்கடைப் பொறையிலும் பக்கத்துப் பரோட்டாக் கடை சால்னாவிலும். "இனிமேதான் மாமி கேக்கணும்" என்றேன்.

கழிப்பிடப் பயிற்சிக்குப் பழைய பேப்பர் விரிக்க வேண்டும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் அதன்மேல் கொண்டுபோய் விட வேண்டும். பேப்பருக்கா பஞ்சம் என்று பரணிலிருந்து ஒரு கட்டை இறக்கினேன். அம்மா தாள் தாளாகப் புரட்டிச் சாமி படம் உள்ளதையெல்லாம் உருவினார். ஆன்மிக இணைப்பு மொத்தமாகக் கழிந்தது. அப்பா தன் கட்சித் தலைவர் படமுள்ள பக்கங்களைத் தனியே மடித்து வைத்துவிட்டு, எதிர்க்கட்சித் தலைவர் படங்களை மேலாக அடுக்கினார். அவர் அந்தப் பக்கம் போனதும் என் மனைவி அவற்றையும் எடுத்துவிட்டாள். காரணம் கேட்கவில்லை, ஓட்டு ரகசியமானது. கண்ணீர் அஞ்சலிப் பக்கம் ஆகாது. மகள் தானாக முன்வந்து கொடுத்த மாதிரி வினாத்தாளை, "சரஸ்வதிடீ" என்று அம்மா பிடுங்கிக்கொண்டார். கடைசியில் யார் மனமும் புண்படாமல் மிஞ்சியவை, 'தாம்பரத்துக்கு மிக அருகில்' என்று சொல்லி மதுராந்தகத்துக்கு அப்பால் மனை விற்கும் முழுப்பக்க விளம்பரங்கள். பாத்ரூம் வாசலில் ஏக்கர் கணக்கில் விரித்து ஒத்திகை பார்த்தாயிற்று.

குடியிருப்போர் சங்கத்திலும் விஷயம் போய்விட்டது. லிஃப்டில் நாய் வரக் கூடாது என்று தீர்மானம் போடலாமா என்று பேச்சு எழுந்தது. பெரும்பான்மை தீர்மானம் போட்டால்கூட வளர்ப்பு நாயைத் தடுக்க முடியாது, லிஃப்டை மறுக்கவும் முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலை எடுத்துக் காட்டினேன். செயலாளர் அசையவில்லை. "1962-ல் அந்த வாரியம் தொடங்கியபோது முதல் தலைவர் யார் தெரியுமா? கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேல்" என்றேன். செயலாளரின் பெண் பரதநாட்டியம் கற்கிறாள். அவருடைய மனைவி கணவரை ஒரு பார்வை பார்த்தார். தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

தடுப்பூசி அட்டவணையைப் பார்த்த அம்மா, "உன் பொண்ணுக்குக்கூட இவ்வளவு தேதி இல்லையேடா" என்றார். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வார இடைவெளியில் 16 வாரம் வரை. மூன்று மாதமானதும் வெறிநோய்த் தடுப்பூசி. மாநகராட்சி உரிமம் வாங்க அந்தச் சான்றிதழ் வேண்டும். நடுவே குடற்புழு மருந்து. ஊசிகள் முடியும்வரை குட்டியைத் தெருவில் இறக்கிவிடக் கூடாது, பார்வோ வைரஸ் பிடித்தால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் அழுத்திச் சொன்னார். பிறந்ததே தெருவில். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு தெருவில் கால் படக் கூடாது. நல்ல வரன் அமைந்தால் அப்படித்தான்.

பெயர் இன்னும் முடிவாகவில்லை. மணி என்பது பெரியப்பா பெயர். டாமி, ஜிம்மி, ரோஸி எல்லாம் பழசு என்கிறாள் மகள். பிஸ்கட் என்ற பெயரில் எங்கள் குடியிருப்பிலேயே சிலர் இருப்பதால் கூப்பிட்டால் கூட்டம் கூடும். சாமி பெயர் வைக்கலாமே என்றேன். "முருகா, சோபாவுல ஒண்ணுக்குப் போகாதேன்னு கத்துவியா?" என்றார் அம்மா. பெயர் சின்னதாக இருக்கட்டும், எல்லாரும் ஒரே பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள் என்பது டாக்டர் யோசனை. இரண்டாவது பாதி எங்கள் குடும்பத்தில் நடக்காது. எனக்கே வீட்டில் ஆளுக்கொரு பெயர். இதற்கிடையில் டீக்கடையில் அதை 'பட்டை' என்று கூப்பிட்டு, அதுவும் திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டது.

வேலைப் பங்கீட்டை மகள் வெள்ளைத்தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள். 'விளையாட்டு: நான். பெயர் சொல்லிக் கூப்பிடுவது: நான். சாப்பாடு: பாட்டி. ஊசி: அம்மா. ராத்திரி, ஆய்: அப்பா.' கீழே என் கையெழுத்து இருக்கிறது. சின்னக் குட்டியால் ராத்திரி முழுக்க அடக்க முடியாது, நடுவில் ஒருவர் எழுந்தே ஆக வேண்டும்.

நீங்களும் குட்டி கொண்டுவர நினைத்தால், வாங்க வேண்டியவை எல்லாம் ஒரு துணிப்பையில் அடங்கும்: இரண்டு கிண்ணம், காலர், கயிறு, கடிக்க ஒரு பொம்மை. தீபாவளியை ஒட்டிக் கொண்டுவராதீர்கள், வெடிச்சத்தத்தில் மிரண்டுபோகும். முதல் வாரம் வீட்டில் யாராவது விடுப்பு போடுங்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் நாட்டு நாய் 12 முதல் 15 வருஷம் வரை இருக்கும். அத்தனை வருஷமும் விடிகாலையில் அதை வெளியே கூட்டிப்போகப் போவது யார் என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். அந்த இடத்தில் ஒரு பெயரும் கையெழுத்தும் விழும்வரை காலர் வாங்காதீர்கள்.