குத்துச்சண்டைக் கையுறையின் உட்புறம்

குத்துச்சண்டைக் கையுறையின் வெளிப்புறத்துக்கு வரலாறு உண்டு. உட்புறத்துக்கு வாடை மட்டுமே உண்டு. வெளிப்புறம் எதிராளியின் தாடையோடு உறவாடுவது சில நொடிகளே என்றாலும் புகழ் முழுவதையும் அதுவே வாங்கிக்கொள்கிறது. 1976இல் முகமது அலி தம் கையுறைகளை அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு அளித்தபோது உலகம் வியந்ததும் அந்த வெளிப்புறத்தைத்தான். உட்புறத்தின் ஆற்றலை அறிந்தோர் அதை அணிபவரும், அவரோடு ஒரே வீட்டில் வசிக்க நேர்ந்தவர்களும், பயிற்சிப் பை ஓர் இரவு தங்கிய காரில் மறுநாள் காலை ஏறுபவர்களும் மட்டுமே.

பண்டைக்காலத்தில் இந்தச் சிக்கல் இவ்வளவு கடுமையாக இருந்திருக்க வாய்ப்பில்லை. வட இங்கிலாந்தில் ஹேட்ரியன் மதிலுக்கு அருகே, விண்டோலாண்டா என்னும் உரோமானியக் கோட்டையில், 2017ஆம் ஆண்டு அகழாய்வில் கிடைத்த, ஏறத்தாழ கி.பி. 120ஐச் சேர்ந்த இரண்டு தோலுறைகள் விரல்முட்டிகளை மட்டுமே காக்கும் பட்டைகளாக இருந்தன; உள்ளங்கை காற்றாடத் திறந்தே கிடந்தது. அவற்றுள் பெரியதில் ஏற்பட்ட கிழிசலின்மேல் வட்டமான ஒட்டுத்தோல் ஒன்று தைக்கப்பட்டிருப்பதால், கையுறைப் பராமரிப்பு என்னும் கலைக்கு ஏறத்தாழ 1,900 ஆண்டுத் தொன்மை உண்டு எனத் துணிந்து கூறலாம். உயிர்வளி எட்டாத ஈரமண்ணில் நுண்ணுயிர்களால் தொழில் நடத்த இயலாமற்போனதே அவ்வுறைகள் அழியாமல் கிடைத்ததற்குக் காரணம். மூடிக் கட்டிய பயிற்சிப் பைக்கு இப்பெருமை வாய்க்காததற்குக் காரணம், அதில் காற்று குறைவே தவிர இல்லாமலில்லை என்பதே.

18ஆம் நூற்றாண்டில் இலண்டனில் ஜாக் பிராட்டன் என்னும் குத்துச்சண்டை வீரர், தம்மிடம் பயில வந்த கனவான்களின் முகப்பொலிவு கெடாதிருக்கப் பஞ்சடைத்த உறைகளைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஆகவே இன்றைய கையுறை பிறந்தது போட்டிக்காக அன்று, பயிற்சிக்காக. 1867இல் வெளியான குவீன்ஸ்பெரி விதிகள் போட்டிக்குரிய கையுறை உயர்தரமானதாகவும் புதியதாகவும் இருக்க வேண்டும் என வற்புறுத்தின. பயிற்சிக் கையுறையின் வயதைப் பற்றி அவ்விதிகள் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தைப் பயிற்சிக்கூடங்கள் இன்றளவும் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்கின்றன.

வாடையின் தோற்றத்தை ஆராய்வோர் முதலில் அறிய வேண்டியது, புதிதாகச் சுரக்கும் உள்ளங்கை வியர்வைக்கு ஏறக்குறைய மணமே கிடையாது என்பதாகும். உள்ளங்கையில் அடர்ந்திருப்பவை எக்ரைன் சுரப்பிகள், அதாவது நீரும் உப்பும் கலந்த தெளிந்த வியர்வையைத் தோலின் மேற்பரப்பில் நேரடியாக வெளியிடுபவை. உடம்பின் பிற பகுதிகளில் இவை வெப்பத்துக்கு வியர்க்க, உள்ளங்கையில் இருப்பவை பெரிதும் மனக்கிளர்ச்சிக்கே வியர்க்கின்றன; ஆதலால் கையுறையின் உட்பஞ்சில் தேங்கியிருப்பது உழைப்பின் விளைவு மட்டுமன்று, தன்னினும் கனத்த ஒருவர் எதிரே வந்து நின்ற ஒவ்வொரு முறையும் உரிமையாளர் வெளியே காட்டிக்கொள்ளாத அச்சத்தின் கணக்கும் அதில் சேர்ந்தே இருக்கிறது. தோலில் இயல்பாக வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் போன்ற நுண்ணுயிர்கள், வியர்வையோடு வரும் லூசின் என்னும் அமினோ அமிலத்தைச் சிதைத்து ஐசோவலெரிக் அமிலமாக மாற்றுகின்றன. கழற்றிய காலுறைக்கும் முதிர்ந்த பாலாடைக்கட்டிக்கும் உரிய வாடை இதுவே. வெதுவெதுப்பும் ஈரமும் இருட்டும் வாய்த்த கையுறையில் ஓரிரவில் நிகழ்வது, அடுக்களையில் இட்லி மாவுக்கு நிகழ்வதை ஒத்ததுதான் என்றாலும், விடிந்தபின் அதை ஆவலோடு திறந்து பார்ப்பவர் எவருமில்லை.

இந்நிலையில் கையுறையாளர்கள் மேற்கொள்ளும் உபாயங்களுள் பெரும்பாலானவை மூக்கை ஏமாற்றும் நோக்கம் கொண்டவை. நறுமணத் தெளிப்பான் வாடையை நீக்குவதில்லை; அதற்கு ஒரு துணையைத் தேடித் தருகிறது. முகப்பவுடர் வியர்வையோடு கலந்து பசையாகி, விரல்நுனிகளில் நிரந்தரமாகக் குடியேறுகிறது. அந்துருண்டையைப் போடுவோரின் கையுறை, பாட்டியின் பெட்டியிலிருந்து யாரோ குத்துவதைப் போன்ற உணர்வை எதிராளிக்கு அளிக்கிறது. துணிச்சல் மிக்கோர் கையுறையைக் குளிர்பதனப் பெட்டியின் உறைநிலைப் பகுதியில் ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் வைக்கின்றனர். அங்கு நிலவும் கழித்தல் 18 பாகை செல்சியஸ் குளிரில் நுண்ணுயிர்களுள் பல சாவதில்லை, உறங்குகின்றன. வெளியே எடுத்ததும் கையுறையின்மேல் படியும் பனிநீரைப் பருகியவாறு புத்துணர்ச்சியோடு எழுகின்றன. வீட்டாரின் சினம் மட்டும் உறைவதே இல்லை.

சலவை இயந்திரத்தில் இட்டவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உள்ளடைப்பான நுரைப்பஞ்சு குடித்த நீரை எளிதில் திருப்பித் தருவதில்லை. தோலோ நீரில் ஊறி உலரும்போது தன் கொழுப்பை இழந்து விறைக்கிறது.

ஆப்ப சோடாவுக்கு ஓரளவு மதிப்பளிக்கலாம். காரத்தன்மை கொண்ட அது, ஐசோவலெரிக் அமிலத்தோடு வினைபுரிந்து, ஆவியாகி மூக்கை எட்ட இயலாத உப்பாக அதை மாற்றிவிடுகிறது. இரவில் தூவி, காலையில் தட்டி உதறிவிட வேண்டும். நீர் கலந்த வினிகரில் நனைத்துப் பிழிந்த துணியால் உட்புறத்தை ஒற்றியெடுப்பதும் பயனுடையதே. ஆனால் இரண்டையும் ஒருசேர இடுவோர், பொங்கி வரும் நுரையைக் கண்டு அழுக்கு வெளியேறுவதாக மகிழ்கின்றனர். உண்மையில் வெளியேறுவது கரியமில வாயு. அமிலமும் காரமும் ஒன்றையொன்று வீழ்த்திக்கொள்ள, அந்தச் சண்டையை நுண்ணுயிர்கள் முதல் வரிசையில் அமர்ந்து பார்க்கின்றன.

உண்மையான தீர்வு, விற்பதற்கு எதுவுமில்லாததால் விளம்பரம் பெறாத ஒன்று: உலர்த்துதல். பயிற்சி முடிந்தவுடன் கையுறையைப் பையிலிருந்து எடுத்து, உட்புறத்தைத் துடைத்து, கட்டை முழுவதும் தளர்த்தி, வாயை அகல விரித்து மின்விசிறியின் எதிரே வைப்பதே போதுமானது. செய்தித்தாளைக் கசக்கித் திணிப்போர் அதை ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். விடியும்வரை விட்டால் ஈரம் அங்கேயே தங்கும், தலைப்புச் செய்தி விரல்களில் ஏறும். நேரடி வெயில் தோலை வெடிக்கச் செய்யும் என்பதால் நிழலே உகந்தது. கையுறைக்குள் சுற்றிக்கொள்ளும் ஹேண்ட் ராப் என்னும் நான்கரை மீட்டர்ப் பருத்திப் பட்டை, வியர்வையின் பெரும்பங்கைத் தான் ஏற்றுக்கொள்ளும் தியாகி. அதை அன்றாடம் துவைப்பவருக்குப் பாதி வேலை முடிந்தது. ஆனால் அதன் முனையிலுள்ள வெல்குரோவை மூடாமல் இயந்திரத்தில் இட்டால், அது வீட்டிலுள்ள சிறந்த புடவையைத் தேடிக் கண்டுபிடித்துப் பற்றிக்கொள்ளும்.

சென்னையில் இவ்வறிவுரை அக்டோபர்வரை செல்லும். வடகிழக்குப் பருவமழை தொடங்கியபின் மின்விசிறி ஈரத்தை உலர்த்துவதில்லை, வீடெங்கும் சமமாகப் பகிர்ந்தளிக்கிறது. இரண்டு இணை கையுறைகளை மாற்றி மாற்றி அணிவது ஒன்றே அக்காலத்தில் கைகொடுக்கும்.

பொதுக் கையுறை, அதாவது சொந்தக் கையுறை இல்லாதோருக்காகப் பயிற்சிக்கூடத்துச் சுவராணியில் தொங்குவது, தனி ஆய்வுக்கு உரியது. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் எனப் பரம்பரைகளாகப் பிரிந்து மோதிய பெருமை வடசென்னைக் குத்துச்சண்டைக்கு உண்டு. பொதுக் கையுறைக்குள் வாழும் உயிர்களோ பரம்பரை பாராமல் எல்லோரையும் ஏற்கின்றன. படர்தாமரை போன்ற பூஞ்சைத் தொற்று இவ்வழியே கைமாறக்கூடும் என்பதால், சொந்தப் பட்டையைச் சுற்றாமல் இதற்குள் கைவிடலாகாது. புதியவருக்கு முதலில் கற்பிக்கப்படுவது தற்காப்பு நிலை. அது இரு கையுறைகளையும் கன்னத்தோடு, அதாவது மூக்குக்கு மிக அருகே, உயர்த்திப் பிடிப்பது. சில நொடிகளில் அவர் கைகள் தாமாகவே இறங்குகின்றன. கையைத் தூக்கு, கையைத் தூக்கு என்று பயிற்சியாளர் தொடர்ந்து கத்துகிறார். கை இறங்குவதன் காரணம் அவருக்குத் தெரியாததன்று; அந்தக் கையுறை முன்பு அவருடையதாகத்தான் இருந்தது.