சட்டப்படி நானும் குழந்தை

1996 தேர்தலின்போது எனக்கு வயது 19. ஓட்டுரிமை வயதை 1989-லேயே 18 ஆக்கிவிட்டதால், பிரதமருக்கும் முதலமைச்சருக்கும் சேர்த்து ஒரே வரிசையில் நின்று ஓட்டுப் போட்டுவிட்டு வந்தேன். ஆனால், தாலி கட்ட 21 ஆகவேண்டும். அன்றைய குழந்தைத் திருமணத் தடுப்புச் சட்டத்தில் 21 முடியாத ஆண் ‘குழந்தை’. பெண்ணுக்கு 18 முடிந்தால் போதும். அத்தை மகளுக்கு 18 முடிந்த கையோடு குலதெய்வக் கோயிலில் எங்கள் கல்யாணத்தை முடித்திருந்தார்கள். ஆக, சட்டத்தின் கண்ணில் அவள் பெரியவள், நான் குழந்தை. விரலில் வைத்த மை அழியுமுன் அந்தக் குழந்தைக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது.

அந்த ஆண்டு மே மாதம் வெளிவந்த ‘இந்தியன்’ படத்தில் கமல்ஹாசன் அப்பா, மகன் என்று இரட்டை வேடம் கட்டினார். எனக்கும் அதே இரட்டை வேடம்தான். அவருக்கு மேக்கப் போட ஆளிருந்தது. நான் விளக்கெண்ணெயை நம்பி மீசைக்காகக் காத்திருந்தேன்.

திருப்பூர் பனியன் கம்பெனியில் எனக்குக் கைமடி வேலை. சனிக்கிழமை சம்பளத்தை வாங்கி, டீக்கடை பெஞ்சில் ஒரு சிகரெட் பற்றவைத்தால் ஆம்பளை ஆகிவிட்டதாக நினைப்பு. மனைவி பகலில் செக்கிங் போனாள். எனக்கு நைட் ஷிப்ட். பகலெல்லாம் பிள்ளை என் பாடு. அது தூங்கினால்தான் எனக்குத் தூக்கம்.

சொட்டு மருந்து முகாமில் நர்சம்மா கேட்பார்: “தம்பி, பாப்பாவோட அப்பா வரலையா?” பள்ளிக்கூடத்திலோ, “அண்ணன் கையெழுத்தெல்லாம் செல்லாது.” ரோசம் பொத்துக்கொண்டு வரும்.

எல்லாவற்றிலும் பெரிய சோதனை, ரெட்டைச் சடை. சீப்பு நுனியால் உச்சியிலிருந்து பிடரிவரை நேர்வகிடு எடுக்கவேண்டும். பக்கத்துக்கு மூன்று கால் பிரிக்கவேண்டும். பாதியிலேயே ரிப்பனைச் சேர்த்துப் பின்னி, மடித்துக் கட்டவேண்டும். நான் பின்னினால் ஒன்று காதுக்கு மேலே நிற்கும், மற்றது தோளில் கிடக்கும். மகள் கண்ணாடியைப் பார்ப்பாள், அழமாட்டாள். தானே அவிழ்த்து, ரிப்பனை என் கையில் கொடுப்பாள். “இன்னொருக்கா பின்னுங்கப்பா.” கம்பெனியில் எந்த டெய்லரும் எனக்கு அவ்வளவு பொறுமையாகத் தொழில் சொல்லித் தந்ததில்லை. சிகரெட் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு தலையைத் தள்ளி வைத்துக்கொள்வாள், வகிடு கோணிவிடும். வகிடு நேராகவேண்டும் என்பதற்காகத்தான் சிகரெட் போயிற்று. டீக்கடையில் என்னைப் பற்றி, “பொண்டாட்டிக்குப் பயந்துட்டான்” என்றார்கள்.

இப்போது சொந்தமாக நாலு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கிறேன். வராதா என்று ஏங்கிய மீசைக்கு மாதம் தவறாமல் டை அடிக்கிறேன். மகளோடு வெளியே போகும்போது யாராவது, “அண்ணனுங்களா?” என்று கேட்டுவிட்டால், அவருக்குக் காபி என் கணக்கு.

போன வாரம் அவளுக்கு ஒரு வரன் வந்தது. போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பையனுக்கு 31 வயதாம்.

“ரொம்பச் சின்னப் பையனா இருக்கானே. குடும்பம் நடத்தற பக்குவம் வந்திருக்குமா?” என்றேன்.

வீட்டுக்காரி முகத்தில் சிரிப்பே இல்லை. “அதையெல்லாம் எதுக்குங்க மாமா கேக்கறீங்க? சடை பின்னத் தெரியுமான்னு மட்டும் கேளுங்க.”