நாப்பது நிமிஷக் காமன்

காமன் கூத்தை நாப்பது நிமிஷத்துல முடிச்சுத் தர முடியுமான்னு கோயில் கமிட்டியில கேட்டியாமே, மருமகனே? கேட்டதுல தப்பே இல்ல. நம்ம கமிட்டித் தலைவரு பேச எந்திரிச்சா நாப்பது நிமிஷத்துல வணக்கமே முடியாது. அவரைச் சுருக்குறதுக்கும் ஒரு வழி கண்டுபிடிச்சுட்டீன்னா, ஒனக்குப் பொன்னாடை போத்துறது என் பொறுப்பு.

இந்த யோசனை எங்கேருந்து மொளைச்சுதுன்னு எனக்குத் தெரியும். காசல்ரீ தண்ணியைப் பார்த்தாப்புல நிக்கிற பழைய துரை பங்களாவெல்லாம் இப்ப வெளிநாட்டு ஆளுங்க தங்குற எடமா மாறிப்போச்சு. நம்ம தோட்டத்து லயத்துல ஒரு மாசச் சம்பளம் அங்க ஒரு ராத்திரிக்குக் காணாது. நீ வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு அங்க தேத்தண்ணி ஊத்துற. ஜாவா பார்த்துட்டு வந்த அம்மா ஒருத்தங்க, "அங்க நெழல் பொம்மைக் கூத்து, கெமலான் வாத்தியம், பத்திக் துணி எல்லாம் பார்த்தேன். ஒங்க ஊர்ல என்னா இருக்கு?"ன்னு கேட்டிருக்காங்க. நீ கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துட்டு, "கொழுந்து இருக்கு மேடம்"னு சொல்லியிருப்ப. அந்த வெக்கத்துலதான் ஒனக்குத் தூக்கம் போயிருச்சு.

வெக்கம் நல்லதுதான். ஆனா ஜாவாக்காரன் செஞ்சதைப் பாதி மட்டும் கேட்டுட்டு வந்து இங்க அளக்காத. வாயாங்னு சொல்றாங்களே, தோல்ல செதுக்குன பொம்மை, ஒரு வெளக்கு, ஒரு வெள்ளைத் திரை. தலாங்குன்னு ஒரே ஆளு. பாண்டவனுக்கும் அவரே கொரல் குடுக்குறாரு, கௌரவனுக்கும் அவரே. ராத்திரி ஒக்கார்ந்தா விடிஞ்சுதான் எந்திரிப்பாரு. நடுச்சாமத்துல ஊர் கண்ணைச் சொக்குற நேரத்துக்கு செமாரும் அவரு பிள்ளைங்களும் கோமாளியா வந்து எழுப்பி விடுவாங்க. ஊர்க்காரனுக்கு இது விடிய விடிய. யோக்யகர்த்தாவுல சோனோபுதோயோ மியூசியத்துக்கு வர்ற டூரிஸ்டுக்கு மட்டும் சுருக்கிப் போட்டுக் காட்டுறாங்க. பிரம்பனான் கோயிலுக்குப் பக்கத்துல 1961லேருந்து ராமாயணத்தை ஆட்டமா ஆடிக் காட்டுறதும் வந்தவங்களை நெனச்சுத்தான். வாயாங் 2003லயும் பத்திக் 2009லயும் கெமலான் 2021லயும் யுனெஸ்கோ வரைக்கும் போயிருச்சு. கெட்டிக்காரப் பயலுக. விருந்தாளிக்குத் தனி எலை போட்டான், வீட்டுச் சட்டியை எறக்கல. நீ எலையை மட்டும் பார்த்துட்டு வந்து சட்டியையே தூக்கிக் குடுன்னு நிக்கிற.

ஜாவாக்காரங்க நம்மளுக்குப் புது ஆளுங்களும் இல்ல. 1708ல மூணாம் அமங்குராத்துன்னு ஒரு ஜாவா ராஜாவைப் பிடிச்சு டச்சுக்காரன் இந்த இலங்கைக்குத்தான் நாடு கடத்துனான். டிக்கெட் காசு குடுக்காம வந்த விருந்தாளி. நம்ம பாட்டன் பூட்டனும் அதே மாதிரி வந்தவங்கதான். என்னா, அவங்க வழிச்செலவைக் கங்காணி கடன்ல எழுதிக்கிட்டான், அதைக் கழிக்கவே ஆயுசு போச்சு.

இதுல வேடிக்கை என்னான்னா, சிவன் எரிச்ச நம்ம காமன் அங்கயும் எரிஞ்சிருக்கான். கெதிரி ராச்சியத்துல, 12ஆம் நூற்றாண்டுல, தர்மஜாங்குற புலவரு அந்தக் கதையை 'ஸ்மரதகன'ன்னு காவியமாவே பாடி வச்சிருக்காரு. நம்ம ஆளுங்க கம்பம் ஏறி ஆடுற அர்ச்சுனன் தபசு இருக்கே, அதுவும் அங்க இருக்கு. அதுக்கும் முந்தி, ஐர்லங்கா ராஜா காலத்துல கன்வாங்குறவரு பாடுனது. ஆனா ஒரு வித்தியாசம் பாரு. அங்க புருஷன் எரிஞ்சதும் ரதியும் தீயில எறங்கிர்றாளாம். நம்ம தோட்டத்து ரதி அப்படி எறங்குற ஆளா? ஒப்பாரி வச்சு, சிவன்கிட்டயே வாதாடி, மூணாம் நாளு புருஷனை எழுப்பிட்டுத்தான் மறுவேலை பார்ப்பா. கொழுந்து எடுத்துப் பழகுன கை, லேசுல விடாது. அந்தம்மா திரும்பக் கேட்டா மொதல்ல இதைச் சொல்லு. கூத்து அப்பறம்.

சரி, எதை வெட்டலாம்னு ரெண்டு பேருமா பார்ப்போம். மாசி அமாவாசை கழிஞ்சு மூணாம் பிறையில கம்பம் ஊன்றுறோம். பௌர்ணமி வரைக்கும் ராத்திரியில அதைச் சுத்திப் பாட்டும் ஆட்டமும். ரதி மதன் கட்டுறவங்க காப்புக் கட்டி விரதம் இருக்காங்க. கவிச்சி இல்ல, கள்ளு இல்ல. அந்த விரதத்தை வெட்டுவோமா? வெட்டுனா வேஷத்துக்கு ஆள் கூடும், அது வாஸ்தவம். அடுத்தாப்புல, ரதி கெட்ட கனா கண்டு, சிவன் தவத்தைக் கலைக்கப் போகாதேன்னு மன்மதனை மறிக்கிற எடம். புருஷன் பொண்டாட்டி சண்டை முழுக்கப் பாட்டாவே ஓடும். அதுல கை வச்சா பொம்பளைங்க ஒன்னைத் தண்ணிப் பீலிப் பக்கமே அண்ட விட மாட்டாங்க. ஓலைத்தூதன் தீப்பந்தத்தோட ஓடி வர்றதை எடுத்துரலாம்னா, வருஷம் பூரா அதுக்குப் பயந்துக்கிட்டே ஆசையா இருக்குற பிள்ளைங்களுக்கு நீதான் பதில் சொல்லணும். ரதியும் மதனும் லயம் லயமாப் போயி வாசலுக்கு வாசல் ஆடுறதை நிறுத்தினா, கடைசித் தொங்க வீட்டுக் கெழவி அரிசியும் காசும் வச்ச தட்டோட விடியுற மட்டும் இஸ்தோப்புல ஒக்கார்ந்திருப்பா. கோமாளியை எடுத்துரலாம். ஆனா ஒனக்கு வேற வேஷம் பொருந்துமான்னுதான் யோசிக்கிறேன்.

தஞ்சாவூர்ப் பக்கம் இந்தக் கதைக்கு எரிஞ்ச கட்சி, எரியாத கட்சின்னு ரெண்டாப் பிரிஞ்சு ஒக்கார்ந்து லாவணி பாடுவாங்க. காமன் எரிஞ்சானா இல்லையான்னு இன்னும் வழக்குத் தீரல. நீ நாப்பது நிமிஷத்துல தீர்ப்புச் சொல்லப் பார்க்குற.

நான் ஒண்ணு கேக்குறேன். ஒங்க பங்களா ஆளுங்க எதுக்கு இந்தப் பக்கம் வர்றாங்க? டிசம்பர் பௌர்ணமியிலேருந்து மே மாசம் வெசாக் வரைக்கும் சிவனொளிபாத மலை சீசன். நல்லதண்ணியில எறங்கி, நடுராத்திரிக்குக் கெளம்பி, ஆயிரக்கணக்கான படியை மூச்சு வாங்க ஏறி, மேல போயி வெடவெடன்னு ஆடிக்கிட்டுச் சூரியனுக்காகக் காத்து நிக்கிறாங்க. அந்த மலையை நாப்பது நிமிஷமாச் சுருக்குன்னு எவனாவது மனுக் குடுத்தானா? முட்டி வலிக்க ஏறிட்டு வந்துதான், "ஆகா"ன்னு ஊருக்குக் கடுதாசி போடுறான். மாசி பௌர்ணமியும் அந்த சீசனுக்குள்ளதான் வருது. மலைக்குக் கண் முழிக்கிறவன் நம்ம வாசலுக்குக் கண் முழிக்க மாட்டானா? அவங்களுக்கு முடியாதுன்னு நீயா முடிவு பண்ணிட்ட. ஒனக்குத் தூக்கம் வர்றதுக்கு அவங்க மேல பழி.

அதுக்காக ஒண்ணுமே காட்டாதேன்னு சொல்ல வரல. தனி எலை போடு. ரதி மதன் ஆட்டத்துல ஒரு துண்டு, கோமாளி ஒரு துண்டு, தப்பு மேளம் ஒரு சுத்து. போதும். எரிக்கிறது மட்டும் இங்க, கம்பத்தடியில, அந்தப் பௌர்ணமி ராத்திரியில. பங்களாப் புல்தரையில செவ்வாக்கெழமை சாயந்திரம் அஞ்சு மணிக்குக் காமன் எரிஞ்சான்னா, மூணாம் நாளு எழுப்புறதுக்கு அங்க எவன் இருக்கான்? அதுக்குள்ள அவங்க எல்ல ஊருக்கு ரயில் ஏறிருவாங்க. காமன் எரிஞ்சது எரிஞ்சபடி கெடப்பான், ரதி கேசு போட்டா ஒன் பேருலதான் போடுவா.

காசைப் பேசும்போது கூச்சப்படாத. அங்க ஒரு சாப்பாட்டுக்கு என்னா வெலைன்னு ஒனக்குத்தான் தெரியும். அதை மனசுல வச்சுக்கிட்டுப் பேசு. "கலைக்கு வெலை உண்டா"ன்னு கண்ணு கலங்கச் சொல்றவன் எதிர்ல வந்தா ஒடனே ரெண்டு மடங்காக் கேளு. அன்னிக்கு ஆட வர்றவனுக்கு ஒரு பேர், அதான் ஒரு நாள் சம்பளம், போயிருது, அதையும் சேர்த்துக்க.

தப்பு வாத்தியாரைக் கூப்பிடும்போது மட்டும் வெளையாட்டு வேணாம். அந்தக் காலத்துல வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஆளைக் கூட்டுனதும் தப்பு, சாவு வீட்டுக்கு முன்னால நடந்ததும் தப்பு, சாமி எறங்கி வந்ததும் தப்புக்குத்தான். அதை அடிச்சவரை வாசப்படிக்கு வெளிய நிக்க வச்சவங்க வீட்டுப் பேரப்பயலுக இப்ப அவரு தோள்ல கை போட்டு செல்பி எடுக்குறானுங்க. எடுக்கட்டும், சந்தோஷம். நீ மொதல்ல பங்களாவுல அவருக்கு நாற்காலி போடச் சொல்லு. விருந்தாளிக்கு ஊத்துற கோப்பையிலயே அவருக்கும் ஊத்து. மேனேஜரு மொகம் சுளிச்சா எங்கிட்ட சொல்லு. கமிட்டித் தலைவரை அனுப்பி ஒரு மணி நேரம் பேச வைக்கிறேன்.

ஜாவாக்காரன்கிட்ட கத்துக்க வேண்டிய இன்னொரு சூட்சுமமும் இருக்கு. பத்திக் துணியில மெழுகால கோலம் எழுதிச் சாயத்துல முக்குவாங்க. மெழுகு பட்ட எடத்துல சாயம் ஏறாது. இதை வர்றவங்க கையிலயே குடுத்து, ஒக்கார வச்சு எழுதச் சொல்றாங்க. துணியைக் கெடுக்குறதும் அவங்க, காசைக் குடுக்குறதும் அவங்க, கெட்ட துணியைப் பெருமையாக் கொண்டு போறதும் அவங்க. நம்மளும் தப்புக் காய்ச்சுற வேலையை அவங்ககிட்ட குடுப்போம். டிக்கோயாப் பனியில தோல் தொய்ஞ்சுரும். வைக்கோலைக் கொளுத்திப் பதமாக் காட்டணும். காணாட்டி சத்தம் வராது, கூடுனா தோல் கிழிஞ்சுரும். கிழிஞ்சா புதுத் தோலுக்குக் காசை முன்கூட்டியே வாங்கி வச்சுக்க. கூடையை முதுகுல மாட்டிக் கொழுந்து மலையில போட்டோ எடுக்குறதை விட இது எவ்வளவோ மேல். நம்ம ஆளுங்களே கூடையை விட்டுப் படங்குப் பைக்கு மாறியாச்சு, கூடை போட்டோவுக்கு மட்டும்தான் பொழைச்சுக் கெடக்குது.

அந்தம்மாவை மாசி பௌர்ணமிக்கு வரச் சொல்லு. கம்பளி ஒண்ணு, டார்ச் ஒண்ணு. அட்டைக்குச் சவர்க்காரம் பூசிக்கிட்டு வரட்டும். ஒக்காரப் படங்கு நான் விரிச்சுத் தர்றேன், பிளேன்டி ஒங்க அத்தை பொறுப்பு.

இன்னொண்ணு. போன வருஷம் ரதி கட்டுன பையன் கொழும்புக் கடையில நிக்கிறான், மொதலாளி லீவு குடுக்க மாட்டேங்குறாராம். கமிட்டியில ஒன் பேரைச் சொல்லி வச்சுட்டேன். சேலை அத்தைகிட்ட இருக்கு. மீசையை எடுக்குறதுக்கு இன்னும் நாள் கெடக்குது. சட்டைப் பையில இருக்குற சிகரெட்டை மட்டும் இப்பவே இங்க வச்சுட்டுப் போ.