தனியாக நடந்தால் யார் துணை?

கேள்வி: பங்குனியில் தன்னந்தனியாக ஆற்றோரம் நடந்து பறவை பார்க்க ஆசை. திருவனந்தபுரத்தில் எங்கே போகலாம்? துணை வேண்டாமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: துணை வந்தால் பேச்சு வரும், பேச்சு வந்தால் பறவை போய்விடும். தனியாகவே வாருங்கள்.

அகத்தியமலைப் பக்கம் பிறந்து, கோவளத்துக்கு அருகே கடல் சேரும் கரமனை ஆற்றின் கரையில் விடிந்ததும் நடங்கள். முதலில் மீன்கொத்தி தெரியும். மலையாளத்தில் அதற்குப் ‘பொன்மான்’ என்று பெயர். சீதை கேட்ட மானை ராமன் துரத்தினான்; இந்தப் பொன்மானை நீங்கள் துரத்த வேண்டாம், நின்றாலே போதும். பிறகு வெள்ளாயணி ஏரியை ஒட்டிய புஞ்சக்கரி வயல்களுக்குப் போங்கள். தாமரை இலைமேல் இலைக்கோழி நடக்கும். நீண்ட விரல்கள் எடையைப் பரப்புவதால் அது மூழ்குவதில்லை. குளிர்காலத்துக்கு வந்த தகைவிலான்கள் வடக்கே கிளம்பும் நேரம் இது. வழியனுப்பத் தவறாதீர்கள்!

1933இல் பறவையியலாளர் சாலிம் அலி திருவிதாங்கூர், கொச்சி முழுக்க அலைந்து பறவைகளைக் கணக்கெடுத்தார். அந்த உழைப்பு 1953இல் புத்தகமானது. உங்களுக்கு ஒரு குறிப்பேடு போதும்.

ஆள்காட்டி கத்தினால் மட்டும் ஒதுங்கி நடங்கள். அது வெறுந்தரையில் முட்டையிடும் காலம்.