ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?

லேப்டாப் திரையின் மூலையில் ஒரு பெட்டி முளைக்கிறது. அப்டேட் தயார் என்கிறது. இப்போதே போடலாமா, ராத்திரி போடலாமா, அப்புறம் ஞாபகப்படுத்தட்டுமா என்று பணிவாகக் கேட்கிறது. ‘வேண்டாம்’ என்ற பொத்தானைத் தேடாதீர்கள். அது கிடையாது. வீட்டு விண்டோஸில் 5 வாரம் வரை தள்ளிப்போடலாம். அதற்குமேல் பணிவு கிடையாது. காசு கொடுத்து வாங்கியவர் நீங்கள். சாவி கம்பெனியிடம்.

பணிவு தீர்ந்துபோன ஒரு ராத்திரி ஜீயபுரத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்கும் வந்தது. திருச்சியிலிருந்து கரூர் ரோட்டில் போனால், காவிரியும் ரயில்பாதையும் வாழையும் சூழ்ந்த ஊர். அந்த வீட்டுப் பையன் வீட்டிலிருந்தே ஐ.டி. வேலை பார்க்கிறான். காலை ஒன்பதரைக்கு மீட்டிங். லேப்டாப்பைத் திறந்தால் வைஃபை குறி இருந்த இடத்தில் ஓர் உலக உருண்டை. அதன்மேல் தடைக்குறி. அதே அறையில் அவன் அம்மாவின் போனில் சீரியல் தங்குதடையின்றி ஓடிக்கொண்டிருக்கிறது. மாமியார்க்காரி சதி செய்யும் காட்சி பளிச்சென்று வருகிறது. பிழைப்புக்கான கருவியில் மட்டும் இருட்டு.

கேபிள்காரருக்குப் போன் போட்டான். “தம்பி, அம்மா போன்ல வருதுல்ல? அப்ப நம்ம லைன் ஓகே. எதுக்கும் ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.” லேப்டாப் கம்பெனியின் உதவி எண்ணில் முதலில் இசை. பிறகு இன்னும் கொஞ்சம் இசை. பிறகு ஒரு குரல்: “சார், இது சாஃப்ட்வேர் இஷ்யூ. வாரண்டி ஹார்ட்வேருக்குத்தான். ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?” சாஃப்ட்வேர்காரர்கள் டிரைவர் பழசு என்றார்கள், சிப் செய்தவரைக் கேட்கச் சொன்னார்கள். சிப் செய்தவர் லேப்டாப் கம்பெனியைக் கைகாட்டினார். நாலு பேரும் ஒழுங்காக வேலை செய்கிறார்கள். வைஃபைதான் வேலை செய்யவில்லை.

ஒரேயடியாகச் செத்துத் தொலைந்தாலும் நிம்மதி. அதுவும் இல்லை. ரீஸ்டார்ட் செய்தால் வரும். பத்து நிமிஷம் இருக்கும். மீட்டிங்கில் இவன் வாய் திறக்கும்போது போகும். “கேக்குதா சார்? ஹலோ... கேக்குதா?” என்று மொட்டைமாடியில், வெயிலில், போனின் ஹாட்ஸ்பாட்டைப் பிடித்துக்கொண்டு கத்துகிறான். அன்றைய டேட்டா பதினோரு மணிக்குத் தீர்ந்தது. மத்தியானம் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்கு பஸ் ஏறி, 400 ரூபாய்க்கு ஒரு வைஃபை டாங்கிள் வாங்கி வந்து செருகினான். லேப்டாப்புக்குள் வைஃபை இருக்கிறது. அதற்கும் சேர்த்துத்தான் விலை கொடுத்தான். இப்போது பக்கவாட்டில் ஒரு வைஃபை துருத்திக்கொண்டு நிற்கிறது.

விஷயம் ஒன்றும் மாயமில்லை. டிரைவர் என்பது கணினியின் இயங்குதளத்துக்கும் வைஃபை சிப்புக்கும் நடுவில் நிற்கும் சின்ன மென்பொருள். அப்டேட் இயங்குதளத்தை மாற்றுகிறது. சில சமயம் அந்த டிரைவரையே மாற்றிவிடுகிறது. மின்சாரம் மிச்சப்படுத்துகிறேன் என்று சிப்பைத் தூங்க வைக்கும் அமைப்பும் கலைகிறது. தூங்கியது எழவில்லை. கோடிக்கணக்கான கணினிகளுக்கு அனுப்புவதற்கு முன் அதைச் சோதித்துப் பார்ப்பது கம்பெனியின் வேலை என்று நாம் அப்பாவியாக நினைத்துக்கொண்டிருந்தோம். மைக்ரோசாஃப்ட் 2014 ஜூலையில் 18,000 பேரை வீட்டுக்கு அனுப்பப்போவதாக அறிவித்தது. சோதனைப் பிரிவினரும் அதில் அடிபட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ‘இன்சைடர்’ திட்டம் வந்தது. பொதுமக்களே முன்வந்து, சம்பளமில்லாமல், அரைவேக்காட்டு விண்டோஸைச் சோதித்துத் தரலாம். முன்வராதவர்களும் சோதிக்கிறோம். நமக்குத்தான் அது தெரிவதில்லை.

ஆப்பிள்காரர்கள் சிரிக்க வேண்டாம். 2014 அக்டோபரில் யோசெமிட்டி என்ற மேக் இயங்குதளம் வந்ததும் வைஃபை அறுந்து அறுந்து விழுந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு பழைய நிரலைத் தூக்கிவிட்டுப் புதியதைப் போட்டது காரணங்களில் ஒன்று. எட்டு மாதம் கழித்து, 2015 ஜூன் கடைசியில், சத்தமில்லாமல் பழையதையே திரும்ப வைத்தார்கள். 2016 டிசம்பரில் பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் விண்டோஸ் கணினிகள் இணையம் இழந்தன. மைக்ரோசாஃப்ட் தன் உதவிப் பக்கத்தின் உச்சியில் வைத்தியம் எழுதி வைத்தது: கணினியை மறுதொடக்கம் செய்யவும். இணையம் வராதவர்களுக்கான அறிவிப்பை இணையத்தில் ஒட்டினார்கள். 2023 டிசம்பர் விண்டோஸ் 11 அப்டேட், கல்லூரி வளாகங்களிலும் அலுவலகங்களிலும் இருக்கும் வைஃபையைக் குறிபார்த்துப் பறித்தது. சரி செய்யும் ஆணையை அனுப்பினார்கள். எந்த வழியாக? இணைய வழியாக. ரீஸ்டார்ட் செய்தால் சீக்கிரம் வந்து சேரலாம் என்ற பின்குறிப்போடு.

இதற்கெல்லாம் மகுடம் வைத்தது போல ஒன்று உண்டு. முன்பெல்லாம் விண்டோஸ் கணினிக்குள்ளேயே ஒரு பழுது பார்க்கும் கருவி இருந்தது. பெரிதாக எதையும் கண்டுபிடித்ததில்லை, ஆனாலும் கூப்பிட்டால் வந்தது. 2023-இல் அதை ஓய்வுக்கு அனுப்பும் திட்டத்தை அறிவித்தார்கள். இப்போது நெட் வரவில்லை என்று அழுத்தினால் ‘உதவி பெறுக’ என்ற செயலி திறக்கிறது. அந்தச் செயலி பெரும்பாலும் இணையத்தை நம்பியே பிழைக்கிறது.

அப்டேட்டே வேண்டாம் என்பது வாதமல்ல. 2017 மே மாதம் வானாக்ரை வைரஸ் உலகை ஆட்டியபோது, மார்ச்சிலேயே வந்த திருத்தத்தைப் போடாமல் விட்ட கணினிகள்தான் மாட்டின. அது கம்பெனிகளுக்கும் தெரியும். அதனால்தான் இவ்வளவு தைரியம். போடாவிட்டால் திருடன் வருவான், போட்டால் வைஃபை போகும், நீயே முடிவு செய் என்கிறார்கள். முடிவு செய்யும் பொத்தானையும் எடுத்துவிட்டார்கள்.

யாரைத் திட்டுவது என்று தெரிந்த பழுதும் ஒன்று உண்டு. ஜீயபுரத்துக்குப் பக்கத்தில்தான் முக்கொம்பு. கொள்ளிடத்தின் குறுக்கே 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணை 182 வருஷம் நின்றது. 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி அதன் மதகுகள் உடைந்தன. ஒன்பது போயின. ஊர் திட்டியது. மணல் அள்ளியதால் உடைந்ததா, கவனிக்காததால் உடைந்ததா என்று சண்டை நடந்தது. முதலமைச்சர் வந்து பார்த்தார். 387 கோடி ரூபாயில் புதுக் கதவணை வந்தது. திட்டுவதற்கு ஒரு முகம் இருந்தது, மறிப்பதற்கு ஒரு கார் இருந்தது. பொதுப்பணித் துறையை நான் பாராட்டும்படி ஆகிவிட்டதே என்றுதான் எனக்கு ஆத்திரம்.

நம் அரசுகளோ எல்லாவற்றையும் இந்த அறுந்த வைஃபைக் கயிற்றில்தான் கட்டித் தொங்கவிட்டிருக்கின்றன. பட்டா ஆன்லைனில். வருமானச் சான்று ஆன்லைனில். டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பம் ஆன்லைனில், கடைசி நாள் இரவு 11.59 வரை. 12 மணிக்கு வைஃபை வந்தால் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். ஊராட்சிதோறும் ஃபைபர் கேபிள் இழுக்கும் திட்டத்துக்கு 2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. இரண்டு வருஷத்தில் முடியும் என்றார்கள். 2015-இல் அதற்கு பாரத்நெட் என்று பெயர் வைத்தார்கள். கேபிளுக்கு முன்னால் பெயர் அப்டேட் ஆகிவிட்டது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கான டெண்டர் முறைகேடு புகாரில் சிக்கி 2020-இல் ரத்தானது. 2023 ஆகஸ்டில் டெல்லி இன்னொரு 1.39 லட்சம் கோடி ஒதுக்கியது. 2018 தொலைத்தொடர்புக் கொள்கையில் 2022-க்குள் 1 கோடி பொது வைஃபை மையங்கள் என்று எழுதினார்கள். 2022 வந்தது. போனது. 2025-லும் கணக்கு லட்சங்களில்தான் நின்றது. அதே 2025 மார்ச் பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப்போ டேப்லெட்டோ தருவதாக மாநில அரசு அறிவித்தது. நல்லது. அதில் அப்டேட் வரும் ராத்திரிக்கு என்ன ஏற்பாடு என்று மட்டும் பட்ஜெட் உரையில் சொல்லவில்லை.

அழுத்திக் கேட்டால் கம்பெனிகள் இறங்கி வரும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது. இன்னும் ஒரு வருஷம் பாதுகாப்புத் திருத்தம் வேண்டுமென்றால் 30 டாலர் கொடு, இல்லாவிட்டால் உன் செட்டிங்ஸை எங்கள் கிளவுடில் ஏற்று என்றார்கள். ஐரோப்பிய நுகர்வோர் அமைப்புகள் கண்ணை உருட்டின. ஐரோப்பாவுக்கு மட்டும் நிபந்தனை தளர்ந்தது, இலவசமானது. நாம் கண்ணை உருட்டவில்லை. ரீஸ்டார்ட் செய்துகொண்டிருந்தோம்.

உரிம ஒப்பந்தத்தில் ‘ஏற்கிறேன்’ என்று அழுத்தினோமே, அதில் தெளிவாக இருக்கிறது: நஷ்டம் வந்தால் அதிகபட்சம் மென்பொருளுக்கு நீ கொடுத்த விலைதான். போன சம்பளம், போன பரீட்சை எல்லாம் உன் பாடு. இப்படி ஒருதலையான ஒப்பந்தங்களை எதிர்க்க 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் அந்த வகைப் புகாரைத் திருச்சி மாவட்ட ஆணையம் எடுக்க முடியாது. மாநில ஆணையம்தான் எடுக்கும். 400 ரூபாய் டாங்கிளுக்காகப் பையன் சென்னைக்கோ மதுரைக்கோ போக வேண்டும். அவ்வளவு அலைய வேண்டாம் என்று 2025 ஜனவரியில் மத்திய அரசு இ-ஜாக்ரிதி என்று ஒரு தளம் திறந்திருக்கிறது. வீட்டில் உட்கார்ந்தபடியே புகார் போடலாம். விசாரணைக்கும் காணொளியிலேயே ஆஜராகலாம். நல்ல வைஃபை இருந்தால் போதும்.